உயிலும் குடும்ப சரித்திரமும்

சோழ பாண்டிய மன்னர்களின் வம்சாவளியை மனப்பாடமாக ஒப்பிக்கும் நம்மவரில் பலருக்குத் தமது பாட்டனாரின் தகப்பனார் பெயர் தெரியாது. அரசனுக்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு; குடியானவனுக்கு என்ன உண்டு என்று சிலர் கேட்கலாம். சொத்துத் தஸ்தாவேஜு உண்டு என்பதே நமது விடை. ஒருவர் காலமான பின் அவர் விட்டுச் சென்ற நிலமும் வீடும் கடனும் யார் யாரைச் சேர்வது என்று எழுதும் சமயத்தில்தான் சாமானியனின் பெயரும் உறவுமுறையும் ஊரும் ஏட்டில் ஏறுகின்றன.

சென்னைப் பட்டணத்தில் இதற்குப் பேர்போன திருஷ்டாந்தம் பச்சையப்ப முதலியாரின் உயில். 1794-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய ஆஸ்தியைப் பற்றிய விவகாரம் பல்லாண்டுகள் நீடித்தது. ஆயினும் உயில் என்று ஒன்று எழுத்தில் இருந்தமையால் தர்மம் மறைந்து போகவில்லை. அத்திரவியத்திலிருந்து 1842-ல் ஒரு பாடசாலை எழுந்தது. இன்றைய பச்சையப்பன் கல்லூரியின் மூலம் அதுவே.

நிற்க. வேலூர் ஜில்லாவில் ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஒடுகத்தூரில் ஒருவர் தம் முப்பாட்டனாரின் உயிலுக்கு ப்ரொபேட் தேடிப் புறப்பட்டால் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார். இதற்குக் காரணம் இரண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நம் மாகாணத்து ஹிந்துக்களுக்கு ப்ரொபேட்டைக் கட்டாயமாக்கியது சென்னை நகரில் எழுதிய உயில்களுக்கும், அந்நகரிலுள்ள ஸ்தாவர சொத்தைப் பற்றிய உயில்களுக்கும் மட்டுமே. இரண்டாவதாக, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரையில், பிரியாத குடும்பத்தின் பிதுரார்ஜித சொத்தில் தமக்குள்ள பங்கை ஒருவர் உயிலால் எழுதிவைக்க இயலாது. அவர் இறந்தால் அப்பங்கு எழுத்து எதுவுமின்றி எஞ்சிய பங்காளிகளைச் சேர்ந்தது.

ஆகவே கிராமத்தான் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரத்தை. தகப்பன், சகோதரர், இறந்துபோன சகோதரனின் மைந்தர் ஆகிய அனைவரும் அதில் பெயரோடு நிற்பார்கள். நான்கெல்லை சொல்லுமிடத்தில் அண்டை நிலத்தாரின் பெயரும் வரும். ஸ்தாவர சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. உயில்கள் ஏறுவது மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடுள்ள வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே கிடைக்கும்; அவர் காலமான பின்னர் விண்ணப்பிக்கும் எவரும் பெறலாம். இவ்வுரிமையை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஒடுகத்தூரார் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய வட ஆற்காடு ஜில்லாவுக்கு 1911 வரையில் தலைநகர் சித்தூர். அவ்வூர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. வட ஆற்காடு 1989-ல் இரண்டாயிற்று. 2019-ல் வேலூர் ஜில்லா மூன்றாயிற்று. எல்லை மாறுந்தோறும் காகிதக் கட்டுகளும் இடம் மாறக்கூடும். பாட்டனார் காலத்து வழக்கை வேலூரில் மட்டும் தேடிவிட்டு, இல்லையென்று திரும்புதல் கூடாது.

இந்த ஏடுகளில் யார் பெயர் இல்லை என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். அன்றைய ஸ்திரீகளின் பெயரைப் பெரும்பாலும் ஜீவனாம்சம், ஸ்திரீதனம் என்ற வரிகளிலேயே காணலாம். விதவைக்கு ஓரளவு பாத்தியதை 1937-ல் வந்தது. மகளும் பிறப்பால் பங்காளியென்பது தமிழ்நாட்டில் 1989-லும், தேசமெங்கும் 2005-லும் சட்டமாயிற்று. நிலமற்ற கூலிக்கோ பிரிக்கவும் ஒன்றுமில்லை, எழுதவும் ஒன்றுமில்லை. ஒரு விபரீதத்தைப் பாருங்கள்: 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 இந்தியரின் தகப்பன் பெயர், ஊர், தாலூகா, ஜில்லா ஆகியவற்றைக் கப்பல் பதிவேடுகள் குறித்துவைத்தன. அங்கே சொத்து வைத்து இறந்தவருக்கு வாரிசுக் கோப்பும் உண்டு. பெற்றோர், மனைவி, மக்கள் பெயர்கள் அதில் காணும். கடல் கடந்த தமையனுக்குச் சரித்திரம் இருக்கிறது. ஊரிலேயே உழைத்து மடிந்த தம்பிக்கு இல்லை!

இருக்கும் ஏடுகளுக்காவது பாதுகாப்பு உண்டா? ப்ரொபேட் பெற்ற அசல் உயில்களைப் பொதுப் பதிவகம் ஒன்று ஏற்படும் வரையில் நீதிமன்றங்களே காத்துவர வேண்டும் என்று 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு கூறுகிறது. நூறாண்டு சென்றும் அப்பதிவகம் ஏற்படவில்லை. பழைய கட்டுகளை அழிப்பதற்கு 1917-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் செய்தாயிற்று. பாதுகாக்கும் ஸ்தாபனத்துக்கு மட்டும் இன்னும் காலம் வரவில்லை போலும்! அழிப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தார் பார்வையிட்டு, வேண்டியவற்றை ஏற்றுக்கொள்ளும் முறை ஏற்பட வேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் இதைச் சர்க்காரிடம் வற்புறுத்துவார்களாக.

சர்க்கார் செய்யும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டியில் மடித்துவைத்த பத்திரத்தை நேயர்கள் இன்றே வெளியே எடுத்துப் படிக்கட்டும். கிழிந்திருந்தால் சான்றிட்ட நகல் வாங்கட்டும். அதில் விட்டுப்போன பாட்டிமார், அத்தைமார், சகோதரிகள் பெயர்களையும் அவர்கள் பிறந்த ஊரையும், சொல்லக்கூடிய முதியோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி, பத்திரத்தோடு சேர்த்து வைக்கட்டும்.