கற்காலத்தில் கிறிஸ்துமஸா?

கார்ட்டூன் படங்களைப் பார்த்துச் சிரிக்காதவர் நம்மில் யார்? சிரிக்கும்போதே கண்ணையும் காதையும் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொண்டால், அவற்றில் பிழைகள் பல அகப்படும். எது பிழை, எது வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்று பிரித்தறிவதுதான் கடினம். அதற்கு ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரையே எடுத்துக்கொள்வோம்.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர் உருவாக்கிய இத்தொடர், ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1960 செப்டம்பர் முதல் 1966 ஏப்ரல் வரை 166 பகுதிகளாக வந்தது. பெட்ராக் என்ற கற்கால ஊரில் பிரெட், அவன் மனைவி வில்மா, பக்கத்து வீட்டுப் பார்னி, அவன் மனைவி பெட்டி ஆகியோர் வாழ்கிறார்கள். காருக்குக் கல் உருளைகளே சக்கரம்; ஓட்டுபவர் தம் காலால் ஓடித்தான் அதை நகர்த்த வேண்டும். பிரெட் வேலை செய்யும் கல் குவாரியில் டைனோசர்தான் பாரந்தூக்கும் இயந்திரம்!

“டைனோசர் இருந்த இடத்தில் மனிதனா?” என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. டைனோசர்கள் அழிந்து ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் மனித இனம் தோன்றியோ சுமார் 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. இது போதாதென்று, 1964ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்றே ஒளிபரப்பான கதையில் பிரெட் சாண்டா கிளாஸ் வேடம் போடுகிறான். கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்து பிறப்பு விழா! மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னால் சிஸ்டரே சிரித்துவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் நாம் பிழைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அக்கால அமெரிக்கக் குடும்பம் ஒன்றைக் கல்லாலான வீட்டில் குடிவைத்துப் பார்ப்பதுதான் இத்தொடரின் நகைச்சுவையே. பெரியவர்களுக்கு இது விளங்கும். ஆனால் முதல் வகுப்பில் படிக்கும் தங்கைக்கு விளங்குமா? மனிதன் டைனோசர் மேல் ஏறி வேலை பார்த்தான் என்று அவள் மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு அறிவியல் பாடம் அதை அழிப்பதற்குள் பெரும்பாடாகிவிடும். ஆகவே, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அக்காவும் அம்மாவும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அதே வேகத்தில் எல்லா விலங்குகளையும் தவறு என்று அடித்துவிடவும் கூடாது! துதிக்கையால் தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டுகிறதே, மயிர் அடர்ந்த மாமூத் யானை. அது உண்மையாகவே கற்கால மனிதரோடு வாழ்ந்தது. முடிவுப் பாடலின்போது பிரெட்டை வீட்டுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் நீண்ட கோரைப்பல் பூனையின் இனமும் அப்படித்தான்.

உண்மையான பிழை என்பது, கதை தனக்குத்தானே முரண்படுவது. வில்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் முதலில் ‘பெபிள்’ என்று வருகிறது. பின்னாளில் அவளுடைய தாயார் ‘ஸ்லாகூப்பிள்’ என்ற பெயரோடு வந்து நிற்கிறார். பிரெட்டின் வீட்டு முகவரியோ கதைக்குக் கதை மாறுகிறது. தபால்காரர் பாடு திண்டாட்டம்தான்! செல்லப் பிராணி டைனோவை இவர்கள் பிடித்துவரும் 1961ஆம் ஆண்டுக் கதையில் அது நீல நிறம். மனிதரைப்போல வாய் ஓயாமல் பேசுகிறது. பிற கதைகளில் அதே டைனோ ஊதா நிறம். நாயைப்போலக் குரைக்கத்தான் தெரியும்.

இப்படி நேர்வது ஏன்? சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. 25 நிமிடக் கதைக்கு 36,000 பிரேம்கள்! ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் வரைய முடியுமா? ஹன்னாவும் பார்பெராவும் முன்பு எம்.ஜி.எம். நிறுவனத்தில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்களை நிதானமாகச் செய்தவர்கள். 1957இல் அந்நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. தொலைக்காட்சியிலோ பணமும் குறைவு, நேரமும் குறைவு. அதனால் உடலை அசையாமல் வைத்து, வாயையும் கையையும் மட்டும் மாற்றி வரைந்தார்கள். பிரெட் வீட்டுக்குள் ஓடும்போது பின்னால் பாருங்கள்: அதே சன்னல், அதே நாற்காலி, மறுபடியும் அதே சன்னல்! அவ்வளவு நீளமான கூடம் அந்தச் சின்ன வீட்டில் எங்கிருந்து வந்தது?

காதுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டாம் ஆண்டுக் கதைகளுள் ஐந்தில் பார்னியின் குரல் வேறாக ஒலிக்கும். கவனக்குறைவு என்று தோன்றலாம். பார்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் 1961 ஜனவரியில் கார் விபத்தில் படுகாயமடைந்து நினைவிழந்து கிடந்தார். அந்த ஐந்து கதைகளில் அவருக்குப் பதிலாகப் பேசியவர் டாஸ் பட்லர். பிளாங்க் நினைவு திரும்பியபின், உடலெங்கும் மாவுக்கட்டுடன் வீட்டில் படுத்திருந்தபோதே, படுக்கையருகில் மைக்கை வைத்துப் பேசவைத்தார்கள். அந்தக் கதைகளில் பார்னி சிரிக்கும் சிரிப்பைக் கேட்டால், கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.