பார்டர் டெரியர்: குட்டி வாங்குவதும் முடி எடுப்பதும்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் செவியட் மலைப்பக்கத்து நாய் பார்டர் டெரியர். வேட்டைக் குதிரைகளோடு ஓடிப்போய், நரி வளைக்குள் நுழைந்து நரியை வெளியே கிளப்புவதுதான் அந்தக் காலத்தில் இதன் பிழைப்பு. பிரிட்டனின் கென்னல் கிளப் 1920இல் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. நீர்நாயைப் போன்ற தலை, ஏறக்குறைய 6 கிலோ எடை, மழைக்கும் முள்ளுக்கும் தாங்கும் முரட்டு முடி. வாங்குகிறவருக்கு வேலை வைப்பது அந்த முடிதான்: பழுத்ததும் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். குட்டி வாங்கும் நாளிலேயே அதையும் பார்த்துவிடுவது நல்லது.

பார்க்கப் போனதும் தாய் எங்கே என்று கேளுங்கள். ஆறு மாதம் நிறையாத குட்டியை இடைத்தரகர்கள் விற்கக் கூடாது என்று இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் சட்டம் இருக்கிறது. லூசி என்ற ஒரு ஸ்பானியல் நாயின் பெயரால் அழைக்கப்படும் சட்டம் அது. குட்டி பிறந்த இடத்தில், தாயின் பக்கத்தில் வைத்துத்தான் காட்ட வேண்டும். 'பாதி வழிக்கு வாருங்கள், காரில் கொண்டுவந்து தருகிறேன்' என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அதற்குள் மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும். காகிதங்களில் முக்கியமாகக் கேட்க வேண்டியது 'ஸ்லெம்' டிஎன்ஏ பரிசோதனை முடிவு. ஸ்லெம் என்பது இந்த இனத்தில் பரம்பரையாக வரும் நரம்பு நோய். எழுந்து நிற்கப் பழகும் வயதிலேயே குட்டியின் உடல் நடுங்க ஆரம்பித்துவிடும். தாய், தகப்பன் இரண்டிடமும் அந்த நோயின் மரபுக்கூறு இருந்தால்தான் குட்டிக்கு நோய் வரும். ஒன்றாவது சுத்தம் என்று சான்று இருந்தால் போதும்.

அப்புறம் தாயின் முதுகைத் தடவிப் பாருங்கள். மேல்முடி சொரசொரப்பாகவும் அடிமுடி மெத்தென்றும் இருக்க வேண்டும். 'இவளுக்கு யார் முடி எடுப்பது?' என்று கேளுங்கள். தானே எடுக்கிறவர் அந்த நிமிடமே நாயை மேஜைமேல் ஏற்றிக் காட்டுவார். பஞ்சுப்பொதியாய் இருக்கும் குட்டியைத்தான் குழந்தைகள் கேட்பார்கள். வளர்ந்தபின் சிக்கு எடுத்து மாளாது.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே, வழுக்காத ரப்பர் விரிப்பு போட்ட மேஜைமேல் தினம் சில நிமிடம் நிற்கவைத்துச் சீவுங்கள். பாதத்தைத் தொடுங்கள், காதைப் புரட்டுங்கள். ஐந்தாறு மாதத்தில் முதல் தடவை முடி எடுக்கலாம். பிறகு வருடத்துக்கு இரண்டு முறை.

முடி பழுத்துவிட்டதை நாயே காட்டிவிடும்: முதுகெலும்பின்மேல் வகிடு விழும், மேல்முடி சிலிர்த்து நிற்கும், இரண்டு விரலால் இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வரும். வராவிட்டால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். முந்தின நாள் குளிப்பாட்டாதீர்கள், முடி மெத்தென்றாகி விரலில் வழுக்கும். நன்றாகச் சீவிவிட்டு, விரல் நுனியில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, தோள்பட்டையில் ஆரம்பியுங்கள். இடக்கையால் தோலை இறுக்கிப் பிடித்து, வலக்கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஏழெட்டு முடியை மட்டும் நுனிப்பக்கமாகப் பிடித்து, முடி வளர்ந்த திசையிலேயே வெடுக்கென்று இழுக்க வேண்டும். பார்ப்பவருக்குக் கோழிக்கு இறகு பிடுங்குவது போலத் தெரியும். நாய்க்கு வலிக்காது, பழுத்த முடியின் வேர் ஏற்கெனவே விட்டுவிட்டது. முதுகும் விலாவும் பெரும்பாலான நாய்களுக்குத் தொந்தரவில்லை, பாதி தூங்கிவிடும். தொடை, கழுத்தடி வரும்போது நெளியும். அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். வயிறு, இடுக்கு, மலவாய்ப் பக்கம் தோல் மெல்லியது, அங்கே கத்தரிக்கோல்தான்.

முடித்ததும் நாய் உள்ளாடையோடு நிற்பதுபோல் அடிமுடி மட்டும் மிஞ்சும். குளிர்காலமானால் வெளியே போகும்போது ஒரு மேலங்கி போடுங்கள். புதுக் கம்பிமுடி வளர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

கையால் எடுக்கப் பொறுமையில்லாதவர்கள் மெஷின் வைத்து வழித்துவிடுகிறார்கள். அப்போது மேல்முடி பாதியில் அறுபட்டு, செத்த அடிக்கட்டை தோலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நாளடைவில் நிறம் வெளுத்து, முடி குழைந்து, மழையில் நாய் தோல்வரை நனைகிறது. கருத்தடை செய்த நாய்க்கு முடி மெத்தென்றாகி விரலுக்குப் பிடிபடாமல் போவதுண்டு. வயதாகி நிற்க முடியாத நாயும் இருக்கும். அவற்றுக்கு மெஷின் போடுவதில் தப்பில்லை. மற்றபடி நாய்க்கு முடி எடுக்கும் கடையில் விடுகிறவர்கள், கையால் எடுப்பீர்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கையால் எடுக்க நேரம் அதிகம் பிடிக்கும், காசும் கூட.