கூரையை உள்ளிருந்தும் தள்ளும் காற்று

ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே, மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும் சுமத்ரா காற்று பெரும்பாலும் விடியலில் கிள்ளான் பள்ளத்தாக்கை அறையும். மாலை இடிமழையும் அதற்குச் சளைத்ததல்ல. கூரை பறந்தால் காற்று மேலிருந்து பிய்த்துவிட்டதாகவே நினைக்கிறோம். பாதிக் காரணம் கட்டடத்துக்குள் இருக்கிறது.

செராஸில் ரோலர் கதவு வைத்த பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கம் கதவு திறந்திருந்தால், புகுந்த காற்றுக்குப் போக்கிடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று ஏற்கெனவே கூரையை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே திசை. மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றைத் தடுத்து நிறுத்தினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 39 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம். ஜிங்க் தகடு அதே பரப்புக்கு 5 கிலோ அளவுதான். மீதியைத் திருகாணிகள்தான் பிடிக்க வேண்டும்.

1992இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் கராஜ் கதவு உடைந்த பிறகு கூரையை இழந்த வீடுகள் பல. ‘ஜன்னலைத் திறந்துவிட்டால் அழுத்தம் சமமாகும்’ என்ற பழைய யோசனையை விடுங்கள். எச்சரிக்கை வந்ததும் எல்லாவற்றையும் முழுக்க மூடுங்கள். ஆனால் புடைத்து ஆடும் கதவைக் கையால் தாங்கப் போகாதீர்கள்.

கூரை போனால் அதைப் போட்ட குத்தகையாளர் “இயற்கைச் சீற்றம்” என்பார். எளிதில் ஒப்புக்கொள்ளாதீர்கள். எம்எஸ் 1553 என்ற மலேசியத் தரநிலை 2002இலேயே வந்தது. தீபகற்பத்தில் மணிக்கு 115 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றை அடிப்படையாக வைத்து, திறப்புகளால் எழும் உள்ளழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கிறது அது.

வீட்டு வேலையில் குறை என்றால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுக்குள், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். வியாபாரப் பட்டறைக்கு அந்த வழி இல்லை. அடுக்குமாடியின் கூரை பொதுச்சொத்து. 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழுதான் பராமரிக்க வேண்டும்.

வீட்டை நீட்டிக் கட்டும்போது உள்ளூராட்சி மன்றத்திடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். செராஸில் சில பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும், பாலக்கோங் போன்றவை காஜாங் நகராண்மைக் கழகத்துக்கும் உட்பட்டவை.

சாதாரணத் தீக்காப்புறுதி புயல்காற்றைச் சேர்க்காது. தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தாலும் வெளிக்கூரைப் பந்தலும் விளம்பரப் பலகையும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும், படித்துப் பாருங்கள். சேதத்தை அகற்றும் முன் படமெடுங்கள். பிய்ந்த திருகாணிகளையும் எடுத்து வையுங்கள். எத்தனை அடித்தார்கள், எப்படித் துருப்பிடித்தன என்பதற்கு அவைதான் சாட்சி.