பயண வண்டியில் எரிவாயுத் தோம்பு

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் பினாங்குத் தண்ணீர்மலையின் அடிவாரம் ஒரு பெருஞ் சமையற்கூடமாக மாறிவிடும். மலைமீதுள்ள அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள் ஏறிச் செல்லும் அடியவர்க்காகச் சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும். மோரும் பாலும் சோறும் இரவு பகலாக வழங்கப்பெறும். முன்னாளில் விறகு எரிந்த இடத்தில் இந்நாளில் எரிவாயு எரிகின்றது. தோம்புகள் வண்டிகளில் வந்து இறங்குகின்றன. வண்டியிலேயே அடுப்பை அமைத்துச் சமைப்பாரும் உளர். விடுமுறை நாட்களில் கடலோரத்திலும் மலைப்பாங்கிலும் தங்குவதற்காகக் காரின் பின்னே சிறு இழுவண்டியைப் பூட்டிச் செல்லும் குடும்பங்களுக்கும் தோம்பே அடுப்பு.

வீட்டு மூலையில் அசையாது நிற்கும் தோம்பு வேறு. சாலையில் குலுங்கிச் செல்லும் தோம்பு வேறு. முன்னதற்குக் கைக்கொள்ளும் கவனம் பின்னதற்குப் போதாது. வண்டியில் தோம்பை எங்கே வைப்பது, எவ்வாறு நிறுத்துவது, எதனால் பிணைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரை தந்த பாடம்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றியது. அதில் இருந்தோர் வட இந்தியாவின் லக்னோவிலிருந்து தென்னகத் திருத்தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டு வந்தவர்கள். ஒன்பது உயிர்கள் மாண்டன. பெட்டிக்குள் சட்டத்திற்குப் புறம்பாக எரிவாயுத் தோம்பு கொண்டுவரப்பட்டிருந்ததே தீக்குக் காரணம் என்று ரயில்வே நிருவாகம் அறிவித்தது. காலைத் தேநீருக்காக அடுப்பு மூட்டியபோது நேர்ந்த விபத்து என்று செய்திகள் கூறின.

ரயிலில் பயணிகள் எரிவாயுத் தோம்பைக் கொண்டு செல்வதே குற்றமாகும். அங்கே தோம்புக்குத் தகுந்த இடம் என்று ஒன்று இல்லை. ஆயினும் அத்துயரம் எல்லாப் பயண வண்டிகளுக்கும் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. தோம்பும் அடுப்பும் மனிதரும் ஒரே மூடிய அறைக்குள் இருந்தால், சிறு கசிவும் பெருந்தீயாகும். இழுவண்டிக்கு ஒரு நன்மை உண்டு: அதன் தோம்பை மனிதர் தங்கும் அறைக்கு வெளியே வைக்க முடியும். அந்த நன்மையைக் கைவிடாதிருப்பதே பாதுகாப்பின் முதற்படி.

வாயுவின் இயல்பு

சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. புரோப்பேன் சுழிக்குக் கீழே 42 பாகைக் குளிரிலும் ஆவியாகும். பியூட்டேன் சுழியளவு குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஆகையால் பனி பெய்யும் நாடுகளில் முகாம் வண்டிகளுக்குப் புரோப்பேனையே நாடுவர். வெப்ப நாடாகிய மலேசியாவில் பியூட்டேன் கலந்த வாயுவும் தடையின்றி எரிகின்றது.

இவற்றின் மூன்று இயல்புகளை அறிந்தால் பின்வரும் விதிகள் யாவும் தாமே விளங்கும். முதலாவது, இவை காற்றினும் கனமானவை. புரோப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரு மடங்கு. கசிந்த வாயு புகைபோல் மேலே எழாது. தண்ணீர்போல் கீழே இறங்கித் தாழ்ந்த இடத்தைத் தேடும். இரண்டாவது, தோம்புக்குள் இருப்பது பெரும்பாலும் நீர்மம். ஒரு லிட்டர் புரோப்பேன் நீர்மம் வெளிப்பட்டால் ஏறத்தாழ 270 லிட்டர் வாயுவாகப் பெருகும். மூன்றாவது, காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு கலந்தாலே தீப்பற்றும்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். நான்கு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள வண்டியின் கொள்ளளவு 16 கன மீட்டர். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது 0.32 கன மீட்டர் வாயு. அதன் எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. 14 கிலோ கொண்ட ஒரு வீட்டுத் தோம்பில், அத்தகைய வண்டிகள் இருபதை நிரப்பும் வாயு உள்ளது. வாயு தரையோரம் தேங்கும் இயல்புடையதாதலின், அறை முழுவதும் நிரம்பும்வரை அபாயம் காத்திருப்பதும் இல்லை.

இடம்

இழுவண்டியைக் காருடன் இணைக்கும் முன்பகுதி முக்கோண வடிவில் இருக்கும். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ, இழுவண்டிக்கு இப்பகுதி அப்படி. தோம்புக்கு ஏற்ற இடம் இதுவே. காருக்கும் வண்டிக்கும் இடையில் அமைவதால் பின்னால் வரும் வண்டி மோதினும் தோம்புக்கு நேரடித் தாக்குதல் இல்லை. கசியும் வாயு திறந்த வெளியில் கீழே இறங்கிக் காற்றில் கலந்துவிடும்.

வண்டியின் பின்புறத் தாங்கியில் தோம்பைக் கட்டுவது பெருந்தவறு. மோதலின் முதல் அடி அதன்மேல்தான் விழும். அன்றியும், பின்புறம் கனம் கூடினால் இணைப்பின்மேல் அழுத்தம் குறைந்து, வேகமாகச் செல்லும்போது வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். வண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இணைப்பின்மேல் அழுத்துமாறு பாரத்தை அமைப்பது பலரும் கைக்கொள்ளும் நெறி. தோம்பு வைத்தபின் அந்த அளவு இணைப்பு தாங்கும் எல்லையை மீறிவிடாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோம்பை வெயிலும் மழையும் தாக்காதிருக்கப் பெட்டி அமைப்பார் உண்டு. அப்பெட்டியின் கதவு வெளிப்புறமாகவே திறக்க வேண்டும். தங்கும் அறைக்குள் ஒரு துளையும் இருத்தலாகாது. காற்றுத்துளைகள் பெட்டியின் அடியில் இருப்பது இன்றியமையாதது. மேலே மட்டும் துளையிட்டால், கனமான வாயு கிணற்றில் நீர் தங்குவதுபோல் அடியில் தங்கிவிடும். பாட்டரியையும் மின்விசையையும் அதே பெட்டியில் வைத்தலாகாது. ஒரு சிறு பொறி போதும்.

நிலை

தோம்பு எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது நீர்மம் அடியிலும் ஆவி மேலேயும் இருக்கும். அடைப்பானின் வழியே ஆவி மட்டும் வெளிவரும். படுக்க வைத்தால் நீர்மமே அடைப்பானை அடைந்து, சீராக்கியையும் குழாயையும் கடந்து அடுப்பில் பெருஞ்சுடராக வெடித்தெழக்கூடும். அழுத்தம் மிகுந்தால் தானே திறந்து வாயுவை வெளிவிடும் காப்பு அடைப்பானும் ஆவிப் பகுதியில் இருந்தால்தான் செம்மையாக இயங்கும். எனவே பயணத்தின்போதும் தோம்பைச் சாய்த்து வைத்தலாகாது.

வெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 40 பாகை வெம்மையில் பியூட்டேனின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. புரோப்பேனுக்கோ பதின்மூன்று மடங்குக்கும் மேல். நீர்மம் சூட்டில் விரியும் என்பதனாலேயே தோம்பை முழுமையாக நிரப்பாது, ஐந்தில் ஒரு பங்களவு வெற்றிடம் விட்டு நிரப்புவர். அடுப்பின் அனல் படும் தொலைவில் தோம்பை நிறுத்துவது அந்த முன்னேற்பாட்டை வீணாக்குவதாகும்.

பிணைப்பு

சிறு கயிறோ சைக்கிள் டியூபோ தோம்பைத் தாங்காது. வண்டி திடீரென நிற்கும்போது தோம்பு தன் எடையினும் பன்மடங்கு விசையோடு முன்னே பாயும். வண்டியில் நிலையாகப் பொருத்தும் எரிவாயுக் கலனின் பிணைப்பு, நிரம்பிய எடையின் நான்கு மடங்கை எத்திசையிலும் தாங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறிமுறை கூறும் அளவு. அவ்வளவைக் கொண்டு பார்த்தால், வாயுவோடு சேர்த்து 28 கிலோ எடையுள்ள ஒரு தோம்புக்குப் பிணைப்பு 112 கிலோவைத் தாங்க வேண்டும்.

இதற்கு மூன்று உறுப்புகள் தேவை. அடியில் தோம்பின் வளையம் பொருந்தி அமரும் விளிம்புள்ள தட்டு ஒன்று. மழைநீர் வடிய அதில் துளைகள் வேண்டும். இத்தட்டை மெல்லிய பலகையில் அன்று, வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஆணியும் கழலாத மரையும் கொண்டு இறுக்க வேண்டும். அடுத்து, தோம்பின் உடலைச் சுற்றிப் பிடிக்கும் எஃகுப் பட்டை. இரும்பும் இரும்பும் உராய்ந்து துருவேறாதிருக்க இடையே ரப்பர் வைத்தல் நலம். மூன்றாவது, தோம்பு மேலே துள்ளாதவாறு அழுத்திப் பிடிக்கும் தண்டு. அடைப்பானிலோ சீராக்கியிலோ கயிறு கட்டுவது, குழந்தையைக் காதைப் பிடித்துத் தூக்குவது போன்றதாம். தோம்பின்மேல் எதனையும் பற்றவைத்து ஒட்டுவது ஒருபோதும் கூடாது. பட்டறையில் சட்டத்தைப் பற்றவைக்க வேண்டுமாயின் முதலில் தோம்பை அகற்றித் தொலைவில் வைத்தல் வேண்டும்.

குழாயும் சீராக்கியும்

ரெகுலேட்டர் எனப்படும் சீராக்கி, தோம்பின் பேரழுத்தத்தை அடுப்புக்கு ஏற்ற மிகச் சிறிய அழுத்தமாகக் குறைக்கின்றது. அங்கிருந்து அடுப்புக்குச் செல்லும் குழாய் எரிவாயுவுக்கென்றே செய்யப்பட்டதாய் இருத்தல் வேண்டும். வண்டியின் சுவரைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இல்லையேல், ஒவ்வொரு குலுக்கலிலும் தகட்டின் விளிம்பு குழாயை அறுக்கும். வெடிப்போ விறைப்போ கண்டவுடன் குழாயை மாற்றிவிட வேண்டும்.

கசிவை அறியச் சவர்க்கார நீர் போதும். இணைப்புகளில் தடவிய நீரில் குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. தீக்குச்சியால் சோதிப்பது மடமை. வீட்டுத் தோம்புக்கு இச்சோதனை இணைக்கும்போது போதும்; வண்டித் தோம்புக்கு ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் வேண்டும். ஏனெனில் சாலையின் அதிர்ச்சி, நேற்று இறுகியிருந்த மரையை இன்று தளர்த்திவிடும்.

வண்டி ஓடும்போது தோம்பின் அடைப்பான் மூடியிருத்தல் வேண்டும். செருகு வகைச் சீராக்கியாயின் அதனைக் கழற்றி, தோம்பின் மூடியை இட்டுப் புறப்படுவதே நன்று.

கசிந்தால்

எரிவாயுவுக்குத் தன்னியல்பில் மணம் இல்லை. கசிவை உணர்த்துவதற்காகவே அதில் துர்நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு கலக்கின்றனர். அந்த நாற்றத்தையே ஒரே காவலாக நம்புதல் தகாது. தண்ணீர்மலைச் சாலையைத் தைப்பூச நாளில் எண்ணிப் பார்க்கலாம். எங்கும் கற்பூரமும் ஊதுவத்தியும் சாம்பிராணியும் மணக்கும். அம்மணங்களுக்கிடையே வாயுவின் நாற்றம் மூக்குக்குப் புலப்படாது போகலாம். சரிவான சாலை, ஓரத்தில் மழைநீர்க் கால்வாய். மேட்டில் நிற்கும் வண்டியிலிருந்து கசியும் வாயு கால்வாயில் இறங்கிச் சற்றுத் தொலைவில் ஏற்றியுள்ள கற்பூரச் சுடரை எட்டக்கூடும். ஆகவே சமையல் வண்டியைக் கால்வாயின் வாயருகே நிறுத்தாதிருத்தலும், தோம்புக்கும் சுடருக்கும் இடையே நல்ல இடைவெளி விடுதலும் வேண்டும். வண்டியின் உள்ளே வாயுவை உணரும் கருவியை வைப்போர் அதனைத் தரையோரமாகவே பொருத்த வேண்டும்.

நாற்றம் தென்பட்டால், அணுக முடியுமாயின் முதலில் தோம்பின் அடைப்பானை மூடுக. அருகிலுள்ள சுடர்களை அணைக்கச் செய்க. மின்விளக்கின் விசையைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. இரண்டிலும் பொறி எழும். மக்களை மேட்டுப் பக்கமாகவும் காற்று வரும் திசையாகவும் அகற்றுக. தீயணைப்புப் படையை எட்ட நின்றே அழைக்க வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

வண்டியில் தோம்பைப் பொருத்தும் வேலை தேர்ந்த தொழிலாளர்க்கு உரியது. ஆயினும் பொருத்தியது சரியா என்று பார்க்கும் கண் எல்லார்க்கும் வேண்டும். பந்தல்களிலும் பள்ளி முகாம்களிலும் முன்னின்று தொண்டாற்றுவோருள் தமிழாசிரியர் பலர். அடுப்பு மூட்டுமுன் அவர்கள் கேட்கத்தக்கவை நான்கே: தோம்பு வெளியே இருக்கின்றதா? நிமிர்ந்து நிற்கின்றதா? அசைத்தால் அசையாதிருக்கின்றதா? அதன் அடியில் காற்றுக்கு வழி உண்டா?

நான்கில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும், அதனைச் சரிசெய்யும்வரை அடுப்பை மூட்டாதிருத்தலே கடமை. பசித்து வரும் அடியவர் சிறிது நேரம் காத்திருப்பர். மதுரையில் தேநீருக்கு விடிந்த காலை, ஒன்பது பேருக்கு இறுதிக் காலையாயிற்று என்பதை மறத்தலாகாது.