மழை நாளில் கார் கண்ணாடி மங்குவது ஏன்?

ஐப்பசி மாலை ஒன்றில் தண்ணீர்மலை முருகனை வணங்கிவிட்டுப் பட்டர்வொர்த் திரும்பிக்கொண்டிருந்தேன். மழையில் தொப்பலாக நனைந்த உறவினர் நால்வர் காரில் இருந்தனர். "குளிருது, ஏர்கோனை அடைச்சிடு தம்பி" என்றார் அத்தை. அடைத்தேன். பினாங்குப் பாலத்தில் ஏறிய சில நிமிடங்களில் முன் கண்ணாடி வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் மங்கிற்று. 1985-இல் திறக்கப்பட்ட அப்பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுடையது. நினைத்த இடத்தில் நிறுத்தித் துடைக்க முடியாது. கையால் தேய்த்தேன். கோடு கோடாகி, முன்னே சென்ற லாரியின் சிவப்பு விளக்கு இரண்டும் நான்காகத் தெரிந்தன. அந்தப் பத்து நிமிடம் நான் அழைக்காத தெய்வமில்லை.

பிறகுதான் காரணத்தை விசாரித்து அறிந்தேன். நம் மூச்சிலும் நனைந்த உடையிலும் உள்ள ஈரம் காற்றில் கலக்கிறது. மழையால் குளிர்ந்த கண்ணாடியில் அது பட்டதும் நுண்துளிகளாகப் படிகிறது. ஐஸ் மைலோ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இவ்வாறே. ஏர்கோன் குளிரைத் தருவதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. நிறுத்திய காரின் அடியில் சொட்டும் நீர் அதுதான். ஆகவே மழையில் அதை அடைப்பதே தவறு. குளிர் தாங்காதவர்கள் மேல் படாதவாறு காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பலாம். காருக்குள் வளையும் அம்புக்குறியிட்ட பொத்தான் உள்காற்றையே சுற்றவிடுவது; அதை விடுத்து வெளிக்காற்றை வரவிட்டால் மூச்சின் ஈரம் விரைவில் வெளியேறும்.

ஆனால் நம் நாட்டில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த பொருளின்மேல் நீராகப் படியும். ஏர்கோன் கண்ணாடியை அதற்கும் கீழே குளிரச் செய்தால், வெளிப்புறம் மங்கும். வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தெளிந்தால் கோளாறு வெளியே. அப்போது குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரில் பிள்ளையார் முன் ஊதுபத்தி ஏற்றுவோர் நம்மில் பலர் (நானும்தான்!). அப்புகை கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. அழுக்குக் கண்ணாடியில் ஈரம் எளிதில் பிடிக்கும். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் துடைத்துக் காய்ந்த துணியால் மெருகேற்றுகிறேன். ஈரக் குடையும் நனைந்த மாலையும் இப்போது பின்பெட்டியில்தான் பயணம் செய்கின்றன. அத்தைக்கு மட்டும் ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன்.