குதிரை உடலில் தோன்றும் கட்டிகள்: அறிய வேண்டியவை

கிண்டிப் பந்தயத் திடலால் நெடுங்காலமாக அறியப்பட்ட தென்சென்னையில், பொதுமக்கள் குதிரைகளை அருகிலிருந்து காண்பது பெசன்ட் நகர், கோவளம் கடற்கரைகளில் அவை சவாரிக்கு நிற்கும்போதும், தாம்பரம், வண்டலூர் போன்ற புறநகர்ப் பகுதிகளின் திருமண ஊர்வலங்களிலும்தான். சேணத்தின் உராய்வையும் வியர்வையையும் ஈக்கடியையும் தாங்கி உழைக்கும் இவ்விலங்குகளின் உடலில் காரணம் தெரியாத கட்டி தோன்றும்போது, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதும், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவதும், பிளேடால் கீறிவிடுவதும் பெருந்தீங்கில் முடியக்கூடும். ஏனெனில் கட்டி என்பது தனியொரு நோயன்று; ஒவ்வாமை முதல் புற்றுநோய் வரை பல கோளாறுகளுக்குப் பொதுவான அறிகுறி. அது தோன்றிய வேகம், தொட்டால் உணரப்படும் தன்மை, அமைந்துள்ள இடம், குதிரையின் பொதுவான உடல்நிலை ஆகிய நான்கையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டும்.

சில மணி நேரத்துக்குள் கழுத்திலும் விலாவிலும் பரவலாக எழும் தட்டையான தடிப்புகள் பெரும்பாலும் பூச்சிக்கடி, தீவனம், மருந்து ஆகியவற்றால் உண்டாகும் ஒவ்வாமையே. இவை பெரும்பாலும் ஓரிரு நாள்களில் அடங்கிவிடும். ஆயினும் முகம் வீங்கி மூச்சுத்திணறல் காணப்பட்டால் அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து நிலையாகும். உதைபட்ட இடத்தில் திடீரெனப் புடைக்கும் மெத்தென்ற வீக்கம் தோலுக்கடியில் இரத்தம் தேங்கியதைக் காட்டும். மாறாக, வாரக்கணக்கில் மெல்ல வளரும் கட்டி தசை அல்லது தோலின் கழலையாக இருக்கலாம் என்பதால், வலியில்லை என்று அதனைப் புறக்கணித்தல் கூடாது.

அடுத்து, கட்டியை விரலால் மென்மையாக அழுத்திப் பார்க்க வேண்டும். அடிவயிற்றில் அழுத்திய இடம் குழிந்து நின்றால் அது நீர்க்கோப்பு. நிறைசினை, இதயக்கோளாறு, இரத்தப் புரதக்குறைவு ஆகியவை அதற்குக் காரணமாகலாம். சூடாகவும் வலியுடனும் தொடங்கி, நடுவில் இளகிவரும் வீக்கம் சீழ்க்கட்டியாக இருக்கலாம். குட்டியின் தொப்புளில் காணப்படும் வீக்கம் அழுத்தும்போது உள்ளே சென்று மீண்டும் வெளிவந்தால் அது குடலிறக்கம். அதனைச் சீழ்க்கட்டி என்று கருதிக் கீறினால் குடலே அறுபட்டு உயிரிழப்பு நேரிடும்.

இடமும் காரணத்தைச் சுட்டும். சேணம் படும் முதுகில் வலியின்றித் தோன்றும் சிறு முடிச்சுகள் பூச்சிக்கடியாலோ உராய்வாலோ உண்டாகலாம் என்பதால், சேணத்தின் பொருத்தத்தைச் சோதிப்பது முதற்கடமை. முன்னங்காலின் முழங்கை முனையில் எழும் வீக்கம், குதிரை படுக்கும்போது லாடத்தின் பின்முனை அழுத்துவதால் வருவது. இளங்குதிரையின் கீழ்த்தாடை எலும்பில் தோன்றும் கெட்டியான மேடு, நிலைப்பற்கள் முளைப்பதன் விளைவாக இருக்கலாம். ஆனால் தாடைகளுக்கிடையில் நெறி கட்டி, காய்ச்சலும் மூக்கில் சளியும் சேர்ந்தால், ‘ஸ்ட்ராங்கிள்ஸ்’ என்னும் தொற்றை ஐயுற்று அக்குதிரையை உடனே தனிமைப்படுத்த வேண்டும்.

திருமண ஊர்வலங்களில் விரும்பப்படும் வெள்ளைக் குதிரைகளில் பல, கருமையாகவோ செம்மையாகவோ பிறந்து வயதேற ஏற வெளுப்பவை. இவ்வாறு நரைக்கும் குதிரைகளின் வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் மெலனோமா என்னும் கரிய கழலைகள் மிகுதியாகத் தோன்றுகின்றன. நரைத்தலுக்கும் இக்கழலைக்கும் காரணமான மரபணு மாற்றத்தை 2008-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம் குழுவினரோடு கண்டறிந்தனர். உலகெங்கும் குதிரைகளில் மிகுதியாகக் காணப்படும் தோல்கழலையான ‘சார்காய்டு’, மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரசோடு தொடர்புடையது. அரைகுறையாக அறுத்தால் முன்னிலும் வேகமாக வளரும்.

கட்டியைக் கண்டவுடன் குதிரையின் உடல் வெப்பத்தையும் அளக்க வேண்டும். வளர்ந்த குதிரைக்கு அது ஏறத்தாழ 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. காய்ச்சல், மெலிவு, மூக்கொழுக்கு ஆகியவற்றோடு கால்களின் நிணநீர் நாளங்களை ஒட்டி வரிசையாக முடிச்சுகள் எழுந்து உடைந்து புண்ணானால், மனிதருக்கும் தொற்றி உயிர்போக்கக்கூடிய ‘கிளாண்டர்ஸ்’ நோயை ஐயுற வேண்டும். 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி இதனைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்நோய்க்கான பரிசோதனைகளைச் செய்கிறது. அத்தகைய குதிரையை வெறுங்கையால் தொடாமல் தனித்துக் கட்டிவைக்க வேண்டும்.

மேற்கண்ட அறிகுறிகள் ஐயத்தை எழுப்பப் போதுமானவையேயன்றி முடிவுகட்டப் போதியவையல்ல. மெல்லிய ஊசியால் உறிஞ்சிய செல்களையோ, சிறிதளவு வெட்டியெடுத்த திசுவையோ நுண்ணோக்கியில் ஆராய்வதும், தேவையெனில் அல்ட்ராசவுண்டு எடுப்பதும் உறுதியான விடை தரும். சார்காய்டு ஐயத்துக்குரிய கட்டியில் திசு எடுப்பதே அதனைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், அம்முடிவை மருத்துவரிடமே விட வேண்டும். புறநகர்வாசிகள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை முதலில் நாடலாம்; 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது.

குதிரை வைத்திருப்போர் நாள்தோறும் தேய்த்துவிடும்போதே உடல் முழுவதும் கையால் தடவிப் பார்த்து, புதிய கட்டியின் அளவையும் தேதியையும் குறித்துப் படமும் எடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணம் தெரியும்வரை கீறவோ சூடு போடவோ கூடாது.