பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும் வண்டி

நமது கிராமங்களில் ஏர் மாடுகளின் வேலையையும் பார வண்டிகளின் வேலையையும் இன்று பெரும்பாலும் டிராக்டரே செய்து வருகிறது. 1960ஆம் ஆண்டு சென்னையில் டிராக்டர் உற்பத்திக்கென ஒரு நிறுவனம் தோன்றிய காலத்தில், ஓர் ஊரில் ஒரு டிராக்டர் இருந்தாலே அது பெருமையாகக் கருதப்பட்டது. இப்பொழுது காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களின் ஏரிப் பாசன வயல்களை உழும் டிராக்டரே, அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சாலைக்கும் வருகிறது. அதே சாலைகளில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் கனரக லாரிகளும், தொழிலாளர்களை ஏற்றிய பஸ்களும், காஞ்சி நகரின் பட்டு நூலையும் சேலைகளையும் சுமந்த சிறு வேன்களும் விரைகின்றன. இவ்வளவு நெருக்கடியான சாலையில், நிறுத்த நினைத்த வண்டி நேராக நிற்காமல் ஒரு பக்கம் திரும்புமானால், விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும், “பிரேக் போட்டால் கொஞ்சம் இழுக்கும், பழகிவிட்டது” என்று சொல்லும் ஓட்டுநர்களை நாம் எங்கும் காண்கிறோம். இப்பழக்கமே அபாயத்தின் தொடக்கம். மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது ஒரு சாண் விலகும் வண்டி, குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும் வேளையில் முழு வலுவுடன் மிதித்தால், எதிர்ப்புறச் சாலைக்கே சென்றுவிடலாம். பழகாத வேறொருவர் ஓட்டும் நாளிலோ கேட்க வேண்டியதே இல்லை.

தேர் காட்டும் உண்மை

இக்கோளாறின் காரணத்தை அறிந்துகொள்ள இயந்திர நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசிப் பிரம்மோத்ஸவத்தின் ஏழாம் நாள் நடைபெறும் தேரோட்டத்தைப் பார்த்தாலே போதும். வடம் பிடிப்போர் இழுக்க, சக்கரங்களின் அருகே முட்டுக்கட்டை போடுவோர் கண்ணும் கருத்துமாக நடந்து வருவர். வலப்புறச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் அந்தச் சக்கரம் பின்தங்கும், இடப்புறச் சக்கரம் முன்னேறும், தேர் வலப்பக்கம் திரும்பும். நேராக நிறுத்த வேண்டுமானால் இரு புறமும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் கட்டை விழ வேண்டும்.

மோட்டார் வண்டிக்கும் இதே விதிதான். எந்தப் பக்கத்துச் சக்கரம் அதிகமாகத் தடுக்கப்படுகிறதோ, அந்தப் பக்கமே வண்டி திரும்பும். இதிலிருந்து நாம் நினைவில் கொள்ள வேண்டிய முக்கியமான பாடம் ஒன்று உண்டு. வண்டி வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கப் பிரேக்கே கெட்டுவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வலப்பக்கம் ஒழுங்காகப் பிடித்து, இடப்பக்கமே பிடிக்காமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இழுக்கும் பக்கத்தை மட்டும் கழற்றிப் பார்ப்பவர், நல்ல பிரேக்கைப் பிரித்துவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டுவிடுவார்.

முதலில் விலக்க வேண்டியவை

பிரேக்கைத் தொடுவதற்கு முன், வேறு காரணங்கள் உண்டா என்று பார்த்துவிடுதல் நலம். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதே வண்டி ஒரு பக்கம் செல்கிறதா என்று கவனிக்க வேண்டும். அவ்வாறு சென்றால், ஒரு டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம், அல்லது முன்சக்கரங்களின் அமைப்பு நேர் தவறியிருக்கலாம். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவாக அமைக்கப்படுகின்றன. இடப்புறம் செல்லும் நம் வண்டிகள் அச்சரிவினால் சிறிது இடப்பக்கம் சாய்வது இயல்பு. பாரம் ஒரு பக்கமாக ஏற்றப்பட்டிருந்தாலும் வண்டி நேராக நிற்காது. காற்றை அளந்து சமப்படுத்தி, பாரத்தை இறக்கி, சமதரையில் ஓட்டிப் பார்த்தபின்னும் பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுப்பு ஏற்பட்டால், பிரேக்கிலேயோ, முன்சக்கரங்களைத் தாங்கும் பாகங்களிலேயோ கோளாறு இருக்கிறது என்று கொள்ளலாம். இழுப்பு ஒரு முறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாக மாறி மாறி வந்தால், ஸ்டியரிங் இணைப்புகளிலும் வீல் பேரிங்கிலும் தளர்ச்சி உண்டா என்று பார்ப்பது முறை.

எந்தச் சக்கரம் குற்றவாளி?

கார், வேன் முதலியவற்றில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிரேக் இயங்குகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். ஆகவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே அளவு அழுத்தம் செல்ல வேண்டும். அவ்வாறிருந்தும் பிடிப்பில் வேற்றுமை காணப்பட்டால், கோளாறு பெரும்பாலும் சக்கரத்திலோ அதற்குச் செல்லும் ரப்பர் ஹோஸிலோதான் இருக்கும்.

அதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. நெரிசலற்ற சாலையில் சிறிது தூரம் ஓட்டி, இயல்பாகச் சில முறை பிரேக் பிடித்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பின்னர் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டு சென்று வெப்பத்தை ஒப்பிடுங்கள். தொடலாகாது, டிரம்மும் டிஸ்கும் கையைச் சுட்டுவிடும். ஒரு சக்கரம் குளிர்ந்தே இருந்தால் அங்குப் பிரேக் வேலை செய்யவில்லை. சிலிண்டரின் பிஸ்டன் துருவால் இறுகியிருக்கலாம், ஹோஸ் உள்ளே அடைபட்டிருக்கலாம், அல்லது லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கலாம். மாறாக, வண்டி இழுக்கும் பக்கத்துச் சக்கரம் அளவுக்கு மீறிக் கொதித்தால், பெடலை விட்ட பின்னும் அங்குப் பிரேக் விடுபடவில்லை என்பது பொருள். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் அது இறுக்கமாகச் சுழலும். சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கசிவு தென்பட்டாலும், பிரேக் ஆயில் அளவு குறைந்திருந்தாலும் வண்டியை ஓட்டாமல் உடனே மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

டிராக்டரின் இரண்டு பெடல்கள்

டிராக்டரின் நிலை வேறு. பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிப் பெடலும் உண்டு. வயலின் மூலையில் ஒரு சக்கரத்தை மட்டும் தடுத்து, குறுகிய இடத்தில் திரும்புவதற்காகவே இந்த ஏற்பாடு. முட்டுக்கட்டை போடுவோர் தேரைத் திருப்பும் முறையே இது. ஆனால் வயலில் உதவும் இந்த வசதி சாலையில் உயிரைக் குடிக்கும். வேகமாகச் செல்லும்போது கால் ஒரு பெடலில் மட்டும் பட்டால் டிராக்டர் சட்டென்று திரும்பிக் கவிழ்ந்துவிடும். எனவே வரப்பை விட்டுச் சாலையில் ஏறுமுன், இரு பெடல்களையும் சேர்க்கும் கொக்கியை மாட்டியாக வேண்டும். கொக்கி தொலைந்துவிட்டதென்று கயிற்றால் கட்டுவது கூடாது.

கொக்கி மாட்டியிருந்தும் இழுப்பு ஏற்படலாம். பல டிராக்டர்களில் பிரேக்குகள் கம்பிகளின் மூலம் இயங்குவன. திரவம் தானாகச் சமன் செய்வதுபோல் கம்பிகள் சமன் செய்வதில்லை. வயலில் ஒரே பக்கமாகத் திரும்பி உழும் வண்டியில் அப்பக்கத்து லைனிங் விரைவில் தேய்ந்து, அந்தப் பெடல் ஆழமாக இறங்கும். கொக்கியைக் கழற்றி, ஒவ்வொரு பெடலும் பிடிப்புத் தொடங்குமுன் எவ்வளவு தாழ்கிறது என்று அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாகவும், கையேட்டில் கண்ட அளவுக்குள்ளும் இருக்க வேண்டும்.

பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சமதரையில், மெதுவான வேகத்தில், பெடல்களைச் சேர்த்து மிதித்துப் பாருங்கள். மண்ணில் பதிந்த இரு பின்சக்கரத் தடங்களும் உண்மையைச் சொல்லும். ஒரு தடம் ஆழமாகத் தேய்ந்தும் மற்றது வெறுமனே உருண்டும் இருந்தால், உருண்ட பக்கமே பழுதானது. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னிருந்து தள்ளும்போது இச்சிறு வேற்றுமை பன்மடங்காகும் என்பதை மறக்கலாகாது. சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. இழுக்கும் பிரேக்குள்ள டிராக்டரின் பின்னே அது பெரும் கேடாகவும் முடியும்.

மழைக்காலத்தில்

வடகிழக்குப் பருவமழையின்போது ஏரிகள் நிரம்பி, தரைப்பாலங்களின்மீது தண்ணீர் ஓடும். ஓடும் நீரில் வண்டியை இறக்கலாகாது. தேங்கிய நீரைக் கடந்து வந்த வண்டியில், டிரம்மினுள் நீர் புகுந்து ஒரு பக்கப் பிடிப்பு குறையக்கூடும். அப்போது மெதுவாக ஓட்டிக்கொண்டே பெடலை லேசாகச் சில முறை மிதித்தால் வெப்பத்தால் ஈரம் உலர்ந்துவிடும். உலர்ந்த பின்னும் இழுத்தால், அது வேறு கோளாறே.

பழுது பார்க்கும்போது

சில பட்டறைகளில், பலமாகப் பிடிக்கும் பக்கத்தைத் தளர்த்தி, பலவீனமான பக்கத்தோடு சமன் செய்துவிடுவதுண்டு. வண்டி நேராக நிற்கும் என்பது உண்மையே, ஆனால் நிற்க வேண்டிய தூரத்தில் நிற்காது. கெட்டதைச் சீராக்குவதே சமன் செய்யும் முறை. லைனிங்கோ பேடோ மாற்றினால் ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் ஒருசேர மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்து மீண்டும் பூட்டலாகாது, கசிவையும் அடைக்க வேண்டும். மூடியில் குறித்துள்ள வகைப் பிரேக் ஆயிலையன்றி வேறெதையும் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் பாகங்கள் கெடும். பிரேக் தூசியை வாயால் ஊதுவதும் ஆகாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுவதும் தவறு. தாங்கு கட்டைகள் வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த பின்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

லைனிங்கின் விலையும் அரை நாள் கூலியும் பெரிதாகத் தோன்றலாம். ஒரு மூட்டை நெல்லைக்கூட எடை போட்டுக் கணக்குப் பார்க்கும் நாம், அம்மூட்டைகளோடு சாலையில் செல்லும் உயிர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறுவடை தொடங்குமுன் டிராக்டர் உரிமையாளர்கள் பெடல்களை அளந்து பார்த்து, கொக்கியைச் சரிபார்த்து, சமதரையில் ஒரு முறை சோதித்துவிடுவார்களாக. இழுப்பு உள்ள வண்டியைப் பழுது பார்க்கும் வரையில் சாலையில் ஏற்றாதிருப்பதே, எதிரே நடந்து வரும் நம் ஊராருக்கு நாம் செய்யும் கடமை.